பிர்னோவின் மூத்த சாரணர்களுக்கு

செக் நாட்டின் பிர்னோ நகரில் எங்கள் பகுதிச் சாரணர் குழுவின் பெரியவர்களுக்கும், பிள்ளைகளை வழிநடத்தும் அண்ணன்மார், அக்காமாருக்கும் வணக்கம்.

செக் மொழியில் மனதில் உள்ளதை முழுதாகச் சொல்ல எனக்கு வராது. அதனால் தமிழில் எழுதுகிறேன். வரும் கூட்டத்தில் என் மகள் இதைச் செக்கில் சொல்வாள். தமிழ்நாட்டில் பள்ளி நாட்களில் நானும் சாரணன்தான். எங்களுக்கு அது பள்ளியே தந்த சீருடை. அதற்காக யாரும் எதையும் இழந்ததில்லை.

இங்கே அப்படியில்லை. செக் நாட்டில் ஸ்வோய்சீக் என்பவர் தொடங்கிய சாரணர் இயக்கத்தை 1940-ல் நாஜிகள் தடை செய்தார்கள். போருக்குப் பின் துளிர்த்ததை, 1948-ல் ஆட்சியைப் பிடித்த கம்யூனிஸ்டுகள் ஒழித்தார்கள். சாரணர்கள் பலர் சிறைக்குப் போனார்கள். யாகிமோவ் என்ற ஊரின் யுரேனியச் சுரங்கங்களில் உழைக்க அனுப்பப்பட்டவர்களும் உண்டு. 1968-ல் மீண்டும் எழுந்தது. 1970-ல் மறுபடியும் தடை.

எங்கள் குழுவின் மூத்தவரான ஐயா, நீங்கள் அந்த 1968-ன் பிள்ளை. பத்து வயதில் சேர்ந்தீர்கள். உங்களுக்குக் கிடைத்தது இரண்டே கோடைக்கால முகாம்கள். கூடாரத்தின் பலகை அடித்தளத்துக்கு ஆணி அடிக்கச் சொல்லித் தந்தவர் சிறையிலிருந்து திரும்பியவர் என்பது உங்களுக்குப் பின்னால்தான் தெரிந்ததாம். தடை வந்ததும் குழு கலையவில்லை, நடைப்பயணச் சங்கம் என்ற பெயரில் காட்டுக்குப் போய்வந்தது. 1989 நவம்பரில் கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு எதிராக மக்கள் வீதிக்கு வந்தார்கள். டிசம்பர் தொடக்கத்திலேயே செக் சாரணர் அமைப்பான யுனாக் மீண்டும் கூடியது. உங்கள் அம்மா துணிகளுக்கு அடியில் மடித்து வைத்திருந்த சாரணர் ஸ்கார்ஃபை எடுத்துக்கொண்டு போனதாகச் சொன்னீர்கள். இரண்டு ஆண்டுகள் பெற்றவர், அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொடுத்திருக்கிறீர்கள். எந்த வார்த்தையால் இதற்கு நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

என் மகள் இப்போது ‘மின்மினி’. சாரணர் குழுச் சிறுமியருக்கு இங்கே வழங்கும் இந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வந்த புதிதில் பள்ளியில் அவள் வாய் திறக்கவே இல்லை. சென்ற ஜூலை முகாமிலிருந்து கையெல்லாம் கீறலோடு வந்தவள், இரவில் தனியாகக் காவல் நின்ற கதையை விடிய விடியச் சொன்னாள். அவள் பக்கத்தில் நின்று மொழி பழக்கிய அக்காமாருக்கும், அவளுக்காகத் தனியே பருப்புக் குழம்பு வைத்த சமையல்கார அம்மாவுக்கும் என் வணக்கம்.

டிசம்பரில் பிர்னோ சாரணர்கள் வியன்னாவிலிருந்து, பெத்லகேமில் ஏற்றி நாடு நாடாகக் கைமாறி வரும் ‘பெத்லகேம் ஒளி’யைக் கொண்டுவந்தார்கள். ஒருகாலத்தில் முள்வேலி நின்ற ஆஸ்திரிய எல்லையைத் தாண்டி அந்தச் சுடர் ரயிலில் வருகிறது. மகள் அதை லாந்தரில் வாங்கி, காற்றுக்கு அணையாமல் கோட்டுக்குள் மறைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பூஜையறை அகலை அதிலிருந்துதான் ஏற்றினோம்.

இந்த ஜூலையில் முகாமுக்குப் பலகை அறுக்க ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். முதல் நாளே நான் வந்துவிடுகிறேன் ஐயா.

நன்றியுடன்,
ஒரு மின்மினியின் அப்பா