டிசம்பரில் குற்றாலமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த தமிழ்நாட்டுச் சுற்றுலாக் கட்டுரை, மலேசியாவில் பள்ளி விடுமுறை விடும் டிசம்பரே பயணத்துக்கு ஏற்ற மாதம் என்று முடிந்திருந்தது. கொரோனாவுக்கு முந்திய ஒரு டிசம்பரில் நாங்களும் அப்படி நம்பித்தான் போனோம்.

பயண முகவர் குற்றாலத்தையும் சேர்த்திருந்தார். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே காலம் கழித்த என் அம்மாவுக்கு அருவியில் குளிப்பது நெடுநாள் ஆசை. பேரருவிக்குப் போனால் குறுக்கே கயிறு. வெள்ளப்பெருக்கு, குளிக்கத் தடை என்றார் காவலர். தண்ணீர் செம்மண் நிறத்தில் இரைந்து விழுந்தது. தலையில் நல்லெண்ணெய் வழிய, தோளில் துண்டோடு அம்மா அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் விடுதிக் குழாயடியில்தான் சிகைக்காய் தேய்த்துக் குளித்தார். "மரம் ஈரமாக இருந்தால் வெட்டு இல்லை என்று எங்கள் தோட்டத்து எழுத்தர் கிராணிக்குத் தெரியும். இந்தப் பயண முகவருக்கு இது தெரியாதா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். குற்றாலத்தில் சாரல் சீசன் ஜூன் முதல் ஆகஸ்டு வரை. தென்மேற்குப் பருவமழையைக் கேரளத்தில் கொட்டவைத்துவிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலை மிச்சத்தைத்தான் இந்தப் பக்கம் தூறலாக விடுகிறது. சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்கிலிருந்து. அந்த மழைதான் அன்று அருவியிலும் வெள்ளமாக இறங்கியது. அதே பருவக்காற்றில்தான் நம் கிழக்குக் கரை மாநிலங்களான கிளந்தானும் திரங்கானுவும் வெள்ளத்தில் தவிக்கின்றன. நடுவே நிற்கும் தித்திவாங்சா மலைக்கு இப்பால், மேற்கே, சுங்கை சிப்புட்டில் நாம் துணி காயப்போடுகிறோம். டிசம்பரில் திரங்கானுவின் ரெடாங் தீவுக்கு யாராவது குடும்பத்தோடு கிளம்புகிறோமா? தமிழ்நாடு என்றதும் அந்தப் புத்தி எங்கே போகிறது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். இரண்டே வாரத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது.

2026 முதல் பள்ளித் தவணை மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால், நீண்ட விடுமுறை பழையபடி டிசம்பருக்கே வந்துவிட்டது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறு வழியில்லாதவர்கள் கிறிஸ்துமஸ் கழித்துப் போகலாம். மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், சென்னையில் கச்சேரிகளும் நடக்கும். வடக்கே போவதானால் ராஜஸ்தான் நல்லது. டில்லிப் பக்கம் மூடுபனியில் ரயில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பத்ரிநாத்தில் நடையே சாத்தியிருக்கும்.

இனி பயணக் கட்டுரை போடும்போது, எந்த ஊருக்கு எந்த மாதம் மழை என்று ஒரு வரியாவது சேருங்கள். விளம்பரம் தரும் முகவர்களிடமும் அதைக் கேட்டு வாங்குங்கள். அம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது. பேரப்பிள்ளைகள் வராவிட்டால் போகட்டும் என்று, வரும் ஜூலையில் அவரை மட்டும் குற்றாலத்துக்கு அழைத்துப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்