விமானிப் படிப்பு: பணம் கட்டுவது முதல் வேலை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடிவு வந்ததுமே ‘ஒரே வருடத்தில் விமானி ஆகலாம்’ என்ற விளம்பரங்கள் நீலகிரிக்கும் ஏறி வந்துவிடுகின்றன. தேயிலைத் தோட்டத்தை அடமானம் வைத்தாவது பிள்ளையைச் சேர்த்துவிட வேண்டும் என்று துடிக்கும் பெற்றோர் கோத்தகிரி, குன்னூர் பக்கம் இருக்கிறார்கள். ஆசையில் தவறில்லை. முன்பணத்தைக் கட்டிவிட்டு மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்குவதுதான் குடும்பத்தைக் கடனில் தள்ளுகிறது. விமானப் பயிற்சித் துறையில் இருப்பவர்கள் என்ற முறையில், எதை எதற்கு முன் செய்ய வேண்டும் என்பதை எழுதுகிறோம்.

பதினோராம் வகுப்பில் குரூப் எடுக்கும்போதே இது தொடங்கிவிடுகிறது. வணிக விமானி உரிமத்துக்கு, அதாவது சிபிஎல்லுக்கு, பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் தேறியிருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் விதி. கணிதம் இல்லாத உயிரியல் குரூப்போ வணிகவியல் குரூப்போ படித்தவர்கள், விடுபட்ட பாடங்களைத் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் எழுதித் தேறலாம். வழி உண்டு, காலம்தான் வீணாகும்.

அடுத்தது பெயர். நம் ஊர் வழக்கப்படி பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘எஸ். கார்த்திக்’ என்று இனிஷியலோடு இருக்கும்; பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து ‘கார்த்திக் செல்வம்’ ஆகிவிடும். டிஜிசிஏ தேர்வு எழுதக் கணினி எண் வாங்க வேண்டும். அதற்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரைத்தான் பார்ப்பார்கள். ஆதார், பாஸ்போர்ட், சான்றிதழ் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். அப்போது ஓடுவதைவிட பாஸ்போர்ட் எடுக்கும்போதே சரியாக எழுதுவது எளிது.

மருத்துவப் பரிசோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதிகப் பணம் வீணாவது இங்கேதான். வகுப்பு 2, வகுப்பு 1 என்று இரண்டு சான்று உண்டு. வகுப்பு 2 சான்றை டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடமே வாங்கலாம். மாணவர் விமானி உரிமத்துக்கு அதுவே போதும். ஆகவே விமானப் பயிற்சிப் பள்ளிகள் அதை வைத்துக்கொண்டே சேர்த்துக்கொள்ளும், விமானத்திலும் ஏற்றிவிடும். ஆனால் சிபிஎல் கிடைக்க வகுப்பு 1 கட்டாயம். அதற்கான முதல் பரிசோதனையை அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டுமே செய்துகொள்ள முடியும். நமக்குப் பக்கம் என்றால் பெங்களூரில் உள்ள விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனம். பல மணி நேரம் பறந்த பிறகு வகுப்பு 1-இல் தகுதியில்லை என்று வந்தால், கட்டிய பணம் திரும்புவது அரிது.

ரத்தம், சிறுநீர், இசிஜி, மார்பு எக்ஸ்ரே, செவித்திறன், கண் எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டிருப்பது தடையல்ல. நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தால் பெருந்தடை. புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டைச் சோதனையை எந்தக் கண் மருத்துவரும் சில நிமிடங்களில் செய்துவிடுவார். வேறு எதற்கும் செலவழிக்கும் முன் அதைச் செய்துகொள்ளுங்கள். உடல் எடை, ரத்த அழுத்தம் போன்றவற்றால் ‘தற்காலிகத் தகுதியின்மை’ என்று வந்தால் மனம் உடைய வேண்டாம்; சரிசெய்துகொண்டு மறுபடி காட்டலாம்.

பிறகு எழுத்துத் தேர்வுகள். வான்வழிக்கணிப்பு (நேவிகேஷன்), வானிலையியல், விமானச் சட்டவிதிகள், பொதுத் தொழில்நுட்பம், குறிப்பிட்ட விமானத்தின் தொழில்நுட்பம் ஆகியவற்றில் 70 சதவீதம் வேண்டும். ரேடியோ பேசுவதற்கான ஆர்டிஆர் தேர்வு தனி. இந்தத் தாள்களை முடித்துவிட்டுப் பறக்கப் போவதே எங்கள் அறிவுரை. பறந்துகொண்டே படிப்பவர்கள் இரண்டிலும் பின்தங்குகிறார்கள். வானிலையியல் நம் பிள்ளைகளுக்கு அந்நியமல்ல. தென்மேற்குப் பருவமழை கூடலூர், தேவாலாவில் கொட்டித் தீர்ப்பதும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவத்தில் நனைவதும் காற்று மலையில் ஏறிக் குளிர்வதால்தான். பாடத்தில் வருவதும் அதுவே.

பறக்க வேண்டியது 200 மணி நேரம். அதில் 100 மணி நேரம் விமானத்துக்குத் தானே பொறுப்பேற்று ஓட்டியதாக இருக்க வேண்டும். 20 மணி நேரம் ஊர்விட்டு ஊர் பறக்க வேண்டும். அதில் ஒரு பயணம் 300 கடல் மைலுக்குக் குறையாமல், வழியில் இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் முழுமையாக இறங்கி நின்றதாக இருக்க வேண்டும். இரவில் 5 மணி நேரம், 10 ஏற்றம், 10 இறக்கம். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுவது 10 மணி நேரம். இது எதற்கு என்று நீலகிரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்டோர் சென்ற ஹெலிகாப்டர் விழுந்தது, பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி மேகத்துக்குள் புகுந்ததில் விமானி திசையுணர்வை இழந்ததால்தான் என்று விசாரணை சொன்னது. அனுபவசாலிக்கே அந்த நிலை. மேகத்துக்குள் காதும் உடம்பும் பொய் சொல்லும். கருவி மட்டுமே துணை.

இனி பணம். சிபிஎல் வரை ஏறக்குறைய 45 முதல் 60 லட்சம். அதோடு முடிவதில்லை. ஏர்பஸ் 320 போன்ற குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டும் டைப் ரேட்டிங்குக்கு மேலும் 15 முதல் 25 லட்சம் ஆகலாம். அதன் பிறகும் வேலை உறுதி அல்ல. கம்பெனிகள் ஆள் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். கேப்டன் ஆக சிபிஎல்லுக்கு அடுத்த நிலையான ஏடிபிஎல் உரிமம் தேவை. அதற்கு 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்.

பயிற்சி ஏன் இழுக்கிறது? விமானம் பழுதாகி உதிரிபாகத்துக்குக் காத்து நிற்கும், பயிற்றுநர் வேலையை விட்டுப் போவார், மழைக்காலத்தில் நாள் கணக்கில் பறக்க முடியாது. தானே பொறுப்பேற்று ஓட்டியதில் 15 மணி நேரமாவது விண்ணப்பிக்கும் முன்னான ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால், இடையில் தேங்கினால் மறுபடி பறந்து மறுபடி பணம் கட்ட நேரும். எனவே மொத்தமாகக் கட்டாதீர்கள். பறந்த மணிக்கணக்குக்குத் தவணையாகக் கட்டும்படி எழுத்தில் ஒப்பந்தம் வாங்குங்கள். சேரும் முன் நேரில் போய், இன்று பறக்கும் நிலையில் எத்தனை விமானம், எத்தனை மாணவர், கடைசியாக முடித்தவருக்கு எத்தனை மாதம் ஆனது என்று கேளுங்கள். விமானங்களின் எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டு, ஓடுபவை எத்தனை என்பதைச் சொல்லாத பள்ளியில் சேர வேண்டாம். டிஜிசிஏ வெளியிடும் பயிற்சிப் பள்ளித் தரவரிசையையும் பாருங்கள். உத்தரப் பிரதேசம் ஃபுர்சத்கஞ்சில் உள்ள மத்திய அரசின் இந்திரா காந்தி விமானப் பயிற்சி நிறுவனத்தில் நுழைவுத் தேர்வும் இட ஒதுக்கீடும் உண்டு. முதலில் அங்கே முயல்வது நல்லது.

கல்விக்கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் சொத்து ஈடு கேட்கின்றன. கூடலூர், பந்தலூரில், பழைய ஜென்மி நில உரிமையை ஒழித்த ஜென்ம நிலச் சட்டத்தின் பிரிவு 17-இல் சிக்கிய நிலத்தில் தலைமுறையாக வாழும் குடும்பங்களுக்குப் பட்டா இல்லை. எதை ஈடாக வைப்பார்கள்? நிலப் பிரச்சினை தீரும்வரை அந்தப் பிள்ளைகளுக்கு அரசு உத்தரவாதத்தில் கடன் கிடைக்க மாவட்ட நிர்வாகமும் முன்னோடி வங்கியும் வழி செய்ய வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
விமானப் பயிற்சித் துறையினர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்