கொலைகாரன் எழுதும் கடிதம்

தாண்டிக்குடி,
கார்த்திகை 10

அன்புள்ள சேகர்,

எட்டு மாதமாக நான் ஒரு வரிகூட எழுதவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். பாதிதான் கோபம், மீதி வெட்கம். சோலாருக்கென்று நீ பார்த்துப் பார்த்து வாங்கிக்கொடுத்த டியூபுலர் பேட்டரிகள் நான்கையும் பதினான்கே மாதத்தில் கொன்றுவிட்டேன்.

அம்மா நலம். மிளகு சுமார். பெரியவன் உன்னைப் போலவே கணக்கில் புலி, கையெழுத்தில் கோழி. மற்றது நேரில்.

பங்குனியில் நீ போன் செய்து, "ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்தாயா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டபோது, "நான் விவசாயம் செய்ய வந்தவன், உன் ஆய்வகத்து உதவியாளன் இல்லை" என்று கத்தினேன் அல்லவா? ஐப்பசியில் வத்தலக்குண்டிலிருந்து வந்த எலக்ட்ரீசியன், பேட்டரி அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் அதே கருவியைத்தான் முதலில் எடுத்தார். நிரம்பியிருந்தால் 1240 காட்ட வேண்டிய இடத்தில் 1150. ஒரு செல்லில் 1100. பேசாமல் மூடியைத் திருகிவிட்டு, "எத்தனை நாளாக இப்படிப் பட்டினி போட்டீர்கள்?" என்றார்.

பட்டினி போட்டதாக எனக்குத் தோன்றவே இல்லை, அதுதான் கொடுமை. மூடுபனி இறங்கினால் பேனல்கள் சும்மா கிடக்கும். விளக்கு வைக்கும் நேரத்தில் ஜெனரேட்டரை இரண்டு மணி நேரம் ஓட்டுவேன். மீட்டர் 28 வோல்ட்டைத் தொடும். நிரம்பிவிட்டது என்று அணைத்துவிடுவேன். சார்ஜர் தள்ளும்போது காட்டும் வோல்ட்டை நம்பினால், கை கொடுத்துத் தூக்கி நிறுத்திய நோயாளியைப் பார்த்து நடக்கிறான் என்று சொன்ன கதைதான். 80 சதவீதம்கூட ஏறியிருக்காது. அதையும் இரவே தின்றுவிடுவோம். வாரக்கணக்கில் முழுதாக நிரம்பாத தகடுகளில், சார்ஜ் ஏறவிடாமல் தடுக்கும் சல்பேட் உப்பு கெட்டிப்பட்டுவிட்டது. போதாததற்கு, சார்ஜரின் வெப்ப உணர்விக் கம்பி அட்டைப்பெட்டிக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. விடியற்காலை 12 டிகிரியில் பேட்டரிக்கு அரை வோல்ட்டுக்கு மேல் கூடுதலாக வேண்டும். சார்ஜரோ 25 டிகிரி என்று நினைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறது.

"அந்தப் பெட்டிகளுக்கு ஊற்றிய டீசலுக்கு ஓர் எருமை வாங்கியிருந்தால் பாலாவது கறந்திருக்கும்" என்கிறாள் உன் தங்கை. புது பேட்டரிகள் அவள் சீட்டுப் பணத்தில் வந்தவை. எதிர்த்துப் பேச எனக்கு வாயில்லை.

இப்போது மூன்று வாரமாக முறையை மாற்றியிருக்கிறேன். சிரிக்காதே, நீ முதல் நாளே சொன்னதுதான். காலை ஐந்தரைக்கு ஜெனரேட்டர். அப்போது பேட்டரி காலி வயிறு. 40 ஆம்பியரை அப்படியே விழுங்குகிறது. இரண்டரை மணி நேரம் கழித்து ஆம்பியர் இறங்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுவேன். மிச்சமிருக்கும் 20 சதவீதத்துக்கு நான்கைந்து மணி நேரம் வேண்டும், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடிக்கும். அதற்கு 5 கேவிஏ இன்ஜினை ஓட்டுவது ஒரு தேங்காயை எடுத்துவர லாரி பிடிப்பது போல. பனியில் மங்கிய வெயிலே அந்த வேலைக்குப் போதும், அதுவும் இலவசமாக. பழைய முறையில் சுமையில்லாமல் ஓடி ஓடி, சைலன்சரில் பிசுபிசுவென்று கரி படிந்து கிடந்தது. இப்போது அந்த நேரத்திலேயே மோட்டாரையும் கிரைண்டரையும் போட்டுவிடுகிறோம். வெயிலே வராத வாரத்தில் மட்டும் ஒரு நாள் டீசலைப் பார்க்காமல் முழுதாக நிரப்புகிறேன். ஹைட்ரோமீட்டர் நோட்டு ஒன்றும் போட்டிருக்கிறேன். குட்டை வாத்தியார் பார்த்தால் மயங்கி விழுவார்.

ஒரு கேள்வி. அடுத்த முறை லித்தியம் பேட்டரிக்குப் போகலாமா? பாதி சார்ஜில் கிடந்தாலும் அது கெடாது என்கிறார்கள். என்னைப் போன்ற சோம்பேறிக்காகவே செய்தது போலிருக்கிறது. விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. திட்டிவிட்டாவது பதில் எழுது.

மார்கழியில் வா. வரும்போது பேட்டரிக்கு ஊற்ற டிஸ்டில்டு வாட்டர் இரண்டு கேன்.

உன்,
கோபால்