மீட்டரில் 1.4 காட்டினால் செல் நல்லதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் மாணவர் பக்கத்தில் வந்த மின்சுற்றுக் கட்டுரை, மின்னியக்கு விசையையும் (மின்னோட்டம் ஓடாதபோது செல்லின் முனைகளுக்கிடையே உள்ள வோல்ட்) மின்னழுத்த வேறுபாட்டையும் (மின்னோட்டம் ஓடும்போது அங்கே கிடைக்கும் வோல்ட்) ஒன்றாகவே சொல்லிவிட்டது. தேர்வுக்கு மட்டுமல்ல, பழுது பார்க்கவும் இந்த வித்தியாசம் தெரிந்தாக வேண்டும்.

எதையும் இணைக்காத செல்லின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் கிடைப்பது ஏறக்குறைய மின்னியக்கு விசை. டிஜிட்டல் மீட்டரின் மின்தடை பெரும்பாலும் 10 மெகா ஓம் என்பதால் மின்னோட்டம் இல்லையென்றே சொல்லலாம். அதனால்தான் ஓய்ந்துபோன செல்லும் 1.4 வோல்ட் காட்டி ஏமாற்றுகிறது.

உண்மை தெரிய வேண்டுமானால் 4.7 ஓம் ரெசிஸ்டரை முனைகளுக்கிடையே இணைத்து, சில விநாடிகளில் மீண்டும் அளக்க வேண்டும். 1.5 வோல்ட் 1.175 ஆக இறங்கினால் ஓடுவது 0.25 ஆம்பியர். குறைந்த 0.325 வோல்ட் செல்லுக்குள்ளேயே செலவானது, அதை 0.25 ஆல் வகுத்தால் அகமின்தடை, அதாவது செல்லுக்குள்ளேயே இருக்கும் தடை, 1.3 ஓம். புதிய ஆல்கலைன் ஏஏ செல்லில் இது அரை ஓமுக்கும் கீழே இருக்கும். கால் வாட் ரெசிஸ்டர் மட்டும் வேண்டாம். புதிய செல்லோடு சேர்த்தால் அரை வாட் அளவுக்கு வெப்பமாகி, கை வைக்க முடியாதபடி சுடும். 1 வாட் ரெசிஸ்டர் தாங்கும்.

மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, மீட்டரை ஆம்பியர் நிலையில் வைத்து நேராக செல்லின் முனைகளில் தொடுவது. அந்த நிலையில் மீட்டரின் தடை மிகக் குறைவு. குறுக்குச்சுற்றாகி மீட்டரின் ஃபியூஸ் போய்விடலாம். அம்மீட்டர் தொடரிணைப்பில், வோல்ட்மீட்டர் பக்க இணைப்பில் இருப்பதைக் காட்டும் படம் ஒன்றைத் திருத்தத்தோடு வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்கள் சிலர்