சுவரில் அடித்த கெபினட்டுக்குப் பணம், பிரிட்ஜுக்கு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2017 நவம்பர் வெள்ளத்தில் பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். வீட்டுக் கடன் எடுத்தபோதே காப்புறுதியும் எடுத்துவிட்டோம், அதனால் கவலையில்லை என்றுதான் நானும் கணவரும் இருந்தோம்.

சேதம் பார்க்க வந்தவர் கிச்சன் கெபினட்டின் கதவைத் திறந்து, பின்பக்கம் சுவரில் ஸ்குரூ போட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். இருந்தது, அதனால் அது கட்டடத்தைச் சேர்ந்தது, பணம் உண்டு. பக்கத்திலேயே நின்ற பிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஊறி உப்பிப்போன அலமாரி எதற்கும் ஒரு காசு இல்லை. காரணம், எங்களிடம் இருந்தது வீட்டு உரிமையாளர் பாலிசி மட்டும். அது சுவர், கூரை, அவற்றோடு பொருத்தியவற்றுக்குத்தான். தூக்கிக்கொண்டு போகக்கூடிய சாமான்களுக்கு வீட்டுப் பொருள் பாலிசி என்று தனியாக ஒன்று இருக்கிறதாம், கடன் பத்திரங்களில் வரிசையாகக் கையெழுத்து வாங்கியபோது இதை யாருமே சொல்லவில்லை!

அந்தப் பாலிசியிலும் நகைகளுக்கு வரம்பு உண்டு, எல்லா நகையும் சேர்த்து, சாமான்களுக்குக் காப்புறுதி செய்த மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குதான். தாலிக்கொடி, வளையலை எல்லாம் பீரோவில் வைத்திருக்கும் நம் வீடுகளில் இதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்புறம் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒன்று: நிர்வாகம் எடுக்கும் காப்புறுதி கட்டடத்துக்கு, உங்கள் சோபாவுக்கு அல்ல. நீங்களே செலவு செய்து போட்ட தரையும் கெபினட்டும் அதில் சேருமா என்று நிர்வாக அலுவலகத்தில் இந்த வாரமே கேளுங்கள்.

வாசகி,
பட்டர்வொர்த், பினாங்கு