நமது சாலைப் பராமரிப்போர் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், வேலைத் தளத்திலிருந்து நேராக இங்கே வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பேரவையில் நாம் எடுத்த முக்கியமான தீர்மானம் ஒன்றுதான். ஒவ்வொரு உறுப்பினரும் தன் பொறுப்பில் உள்ள சாலைகளுக்கு ஒரு பதிவேடு தொடங்க வேண்டும் என்று முடிவு செய்தோம். அது எந்த அளவுக்கு நடந்தது, எங்கே நின்றுபோனது என்பதைத்தான் இந்த அறிக்கையில் அதிகம் சொல்லப்போகிறேன்.

சிறு நகராட்சியில் சாலைப் பிரிவு எப்படி இருக்கும் என்று நம்மில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒரு பொறியாளர், ஒரு மேற்பார்வையாளர், விரல்விட்டு எண்ணக்கூடிய பணியாளர்கள், வாடகைக்கு வரும் ரோலர். எந்தச் சாலை எந்த வருடம் போட்டது, அடியில் எவ்வளவு ஜல்லி கிடக்கிறது, சிறுபாலம் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் மூத்த மேஸ்திரி ஒருவர் மனசில்தான் இருக்கும். இந்த ஆண்டு அப்படி ஒரு மேஸ்திரி ஓய்வு பெற்றார். அவருடைய கடைசி வாரத்தில் இரண்டு நாள் அவரோடு சாலை சாலையாக நடந்தோம். ஒரு வளைவில் நின்று, "இங்க ஒரு பாலம் இருக்கு சார்" என்றார். எங்கள் கண்ணுக்குப் புல்லும் மண்ணும்தான் தெரிந்தன. கடப்பாரையை வாங்கிக் குத்திப் பார்த்தார். மூன்றாவது குத்தில் 'ணங்' என்று சத்தம் வந்தது. ஒரு முழம் தோண்டியதும் குழாய்ப் பாலத்தின் வாய் தெரிந்தது. முக்கால்வாசி மண் அடைத்துக் கிடந்தது. அந்த இடத்தில்தான் ஒவ்வொரு மழைக்கும் தார் பெயர்ந்துகொண்டிருந்தது, நாமும் ஒவ்வொரு முறையும் மேலே பேட்ச் போட்டுக்கொண்டிருந்தோம். அந்த மனிதர் ஒரு மாதம் முன்னால் போயிருந்தால் அந்தப் பாலம் இருப்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. ஆகவே பதிவேட்டின் முதல் பக்கம் சாலைகளின் பட்டியலாக இருக்கட்டும், இரண்டாவது பக்கம் கட்டாயம் பாலங்களும் வடிகால்களும்தான் என்று செயற்குழு வற்புறுத்துகிறது.

சாலையின் நிலையை எப்படி மதிப்பிடுவது என்பதில் நிறைய விவாதம் நடந்தது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை உருவாக்கிய முறை 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும். வெடிப்பின் வகை, தீவிரம், பரப்பு என எல்லாவற்றையும் அளந்து கணக்கிட வேண்டும். துல்லியமானது, ஆனால் நம் ஆள்பலத்துக்குத் தாங்காது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உள்ளாட்சிகளை மனதில் வைத்து உருவாக்கிய 'பேசர்' முறையில் 1 முதல் 10 வரைதான் மதிப்பெண். இரண்டு பேர் ஒரு வண்டியில் மெதுவாகப் போய்க்கொண்டே கண்ணால் பார்த்துப் போட்டுவிடலாம். அதையே எடுத்துக்கொண்டோம்.

பயிற்சி நாளில் ஒரே தெருவை எல்லோரும் நடந்து பார்த்துத் தனித்தனியே மதிப்பெண் எழுதினோம். ஒருவர் 7 போட்டிருந்தார், இன்னொருவர் 4. இருவரும் அனுபவசாலிகள். பேசிப் பார்த்ததில், ஒருவர் சாலையின் நடுவைப் பார்த்திருக்கிறார், மற்றவர் ஓரத்தைப் பார்த்திருக்கிறார். நடுவில் தார் கறுப்பாக, சீராக இருந்தது. ஓரத்தில் சக்கரத் தடத்தில் முதலைத்தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடிப்பு. முதலைத்தோல் வெடிப்பு வந்துவிட்டால் கோளாறு மேல்தாரில் இல்லை, அடித்தளம் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். மேலே என்ன பூசினாலும் அது திரும்ப வரும். 4 போட்டவர்தான் சரி. அதற்கப்புறம் நடந்த இரண்டு தெருக்களில் வித்தியாசம் ஒரு மதிப்பெண்ணுக்குள் வந்துவிட்டது. மதிப்பெண் போடுகிறவர்களை வருடத்துக்கு ஒருமுறை இப்படி ஒன்றாக நடக்க வைக்காவிட்டால் பதிவேடு வெறும் எண்களாகிவிடும்.

சரி, பதிவேடு வந்தாயிற்று. அதை வைத்து என்ன செய்வது? இங்கேதான் நாம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதுவரை நம் திட்டமிடல் என்பது எது ரொம்ப மோசமோ அதை முதலில் போடுவதுதான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தார்ச்சாலை ஒரே சீராகத் தேய்வதில்லை. பராமரிப்புக் கையேடுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வளைகோடு உண்டு. சாலை தன் ஆயுளின் முக்கால் பகுதியில் தரத்தில் 40 சதவீதம் இழக்கிறது, அடுத்த 12 சதவீத ஆயுளில் இன்னொரு 40 சதவீதத்தை இழந்துவிடுகிறது. ஊருக்கு ஊர் எண்கள் மாறும், வடிவம் மாறாது. அந்தச் சரிவு தொடங்குவதற்கு முன்னால் வெடிப்பை அடைத்து, மேலே மெல்லிய பூச்சு கொடுத்தால் சில ஆண்டுகள் தள்ளிப்போடலாம். சரிந்தபின் பெயர்த்துப் போட்டால் அதைப்போலப் பல மடங்கு செலவு. மோசமான ஒரு சாலைக்கு மொத்தப் பணத்தையும் கொட்டும் வருடத்தில், 6, 7 மதிப்பெண்ணில் இருந்த நல்ல சாலைகள் கேட்பாரில்லாமல் 4, 3-க்கு இறங்கிவிடுகின்றன. அடுத்த வருடம் மோசமான சாலைகளின் பட்டியல் இன்னும் நீளம்.

இதை மக்களிடமும் மன்ற உறுப்பினர்களிடமும் எடுத்துச் சொல்வது லேசான காரியமில்லை. "எங்க தெரு குண்டும் குழியுமா கெடக்கு, நல்லா இருக்கிற ரோட்டுக்குப் போய் மறுபடி தார் ஊத்துறீங்களே" என்று ஒரு பாட்டி நம் உறுப்பினரை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. உறுப்பினர் பதிவேட்டைத் திறந்து காட்டி, பாட்டியின் தெருவுக்கு அடித்தளத்தோடு புதுச் சாலை எந்த ஆண்டுத் திட்டத்தில் இருக்கிறது, அதுவரை குழிகளை எப்போது அடைப்போம் என்று சொன்ன பிறகுதான் அவர் அமைதியானார். மோசமான தெருவுக்கு 'இப்போது இல்லை' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர நமக்கு உரிமை கிடையாது. எப்போது என்பதை எழுத்தில் தர வேண்டும், அதுவரை பாதுகாப்பாக நடமாடும் நிலையில் வைத்திருக்க வேண்டும். இதற்கு ஒரு பக்க விளக்கத்தாள் தயாரித்து எல்லா உறுப்பினர்களுக்கும் கொடுத்திருக்கிறோம்.

அடுத்தது தண்ணீர். இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே ஸ்காட்லாந்துச் சாலைப் பொறியாளர் மெக்காடம் சொல்லிவிட்டார், பாரத்தைத் தாங்குவது அடியில் உள்ள மண்தான், அதை உலர்வாக வைத்திருந்தால் போதும் என்று. நாம் தாரைப் பற்றிப் பேசும் அளவுக்கு மண்ணைப் பற்றிப் பேசுவதில்லை. மழை பெய்யும்போது சாலையைப் போய்ப் பாருங்கள் என்று மாதக் கூட்டம் ஒன்றில் கேட்டுக்கொண்டோம். எட்டு உறுப்பினர்கள் குடையோடு போய்ப் பார்த்துக் குறித்து வந்தார்கள். நானும் ஒரு மாலை போனேன். நான் பார்த்த சாலையில் பள்ளமே இல்லை. ஆனால் தார் முடிகிற இடத்தில் ஓர மண் புல்லோடு சேர்ந்து நாலு விரல் உயரத்துக்கு மேடிட்டிருந்தது. நடுவிலிருந்து வடிந்து வந்த தண்ணீர் அந்த மேட்டில் முட்டி, ஓரமாகவே நூறு அடி ஓடி, கடைசியில் ஒரு வெடிப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. 7 மீட்டர் அகலச் சாலைக்கு 2.5 சதவீத வாட்டம் கொடுத்தால் நடுவுக்கும் ஓரத்துக்கும் ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். அவ்வளவு கவனமாக வாட்டம் எடுத்துப் போட்ட சாலையை ஓரத்துப் புல் தோற்கடித்துவிடுகிறது. மறுவாரம் நாலு பேர் மம்பட்டியோடு போய் ஓர மண்ணைச் செதுக்கி, வாய்க்காலுக்கு வழி வெட்டிவிட்டார்கள். ஒரு நாள் வேலை, ஒரு சொட்டுத் தார் செலவில்லை. அடுத்த மழையில் ஓரத்தில் தண்ணீர் நிற்கவில்லை.

இதனால் வரும் ஆண்டின் கால அட்டவணையில் வடிகாலைத்தான் முதலில் வைத்திருக்கிறோம். மழைக்கு முன் பாலங்களின் வாயும் ஓர மண்ணும், மழை நாட்களில் அவசரக் குழி அடைப்பு மட்டும், தரை காய்ந்ததும் மதிப்பெண் போடுவதும் வெடிப்பு அடைப்பதும், நல்ல வெயிலில் மேற்பூச்சு.

குழி அடைப்பது பற்றிச் செய்முறை வகுப்பு இரண்டு நடத்தினோம். வந்தவர்கள் பெரும்பாலும் இளம் பணியாளர்கள். குழிக்குள் கலவையைக் கொட்டி மம்பட்டியால் தட்டிவிட்டுப் போகும் வழக்கத்தை விட வேண்டும் என்பதுதான் நோக்கம். சேதத்தைத் தாண்டி நல்ல தார் வரும்வரை சதுரமாக வெட்டி, பக்கங்களைச் செங்குத்தாக நிறுத்தி, தளர்ந்த கல்லையும் தூசியையும் துடைத்து எடுத்து, அப்புறம்தான் எமல்ஷன், அதாவது தாரை நீரில் கலந்த குழம்பு. தெளித்த எமல்ஷன் முதலில் பழுப்பாக இருக்கும். அது கறுப்பாக மாறும்வரை காத்திருக்க வேண்டும், அப்போதுதான் நீர் பிரிந்து தார் ஒட்டத் தயாராகியிருக்கும். ஒரு பையன் அவசரப்பட்டுப் பழுப்பிலேயே கலவையைக் கொட்டினான். மேஸ்திரி திட்டவில்லை. மறுநாள் அந்தப் பேட்ச்சையும் பக்கத்தில் கறுத்தபின் போட்டதையும் உளியால் நெம்பிப் பார்க்கச் சொன்னார். ஒன்று அப்பளம் மாதிரி கழன்று வந்தது. மற்றது வரவில்லை. பையனுக்கு இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சூடான கலவையைப் பொறுத்தவரை, ஏறத்தாழ 90 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகு எத்தனை முறை ரோலர் ஓடினாலும் சரியாக இறுகாது. ஆகவே லாரி எத்தனை மணிக்குப் புறப்பட்டது, வந்ததும் கலவையின் சூடு என்ன என்பதை அளவைப் புத்தகத்தில் எழுதும் பழக்கத்தைத் தொடங்கியிருக்கிறோம்.

பாரம் பற்றி ஒன்று. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த பெரிய சாலைச் சோதனையில், சேதம் அச்சுப் பாரத்தின் (வண்டியின் ஓர் அச்சு சாலையில் இறக்கும் எடையின்) ஏறக்குறைய நாலாம் அடுக்கில் கூடுகிறது என்று கண்டார்கள். பாரம் இரண்டு மடங்கானால் சேதம் 16 மடங்கு. குடியிருப்புத் தெருக்களில் வாரம் தவறாமல் வரும் மிகப் பாரமான வண்டி நம் நகராட்சியின் சொந்தக் குப்பை லாரிதான். அது நிரம்பிய நிலையில் பலவீனமான தெருக்களைச் சுற்றாமல், காலியாக இருக்கும்போதே அந்தத் தெருக்களை முடித்துவிடும்படி பாதையை மாற்றக் கேட்கலாம் என்று ஒரு உறுப்பினர் யோசனை சொன்னார். காசே செலவில்லாத இந்த யோசனையை எல்லா ஊர்களிலும் முயன்று பார்க்க வேண்டும் என்று செயற்குழு மனதார விரும்புகிறது.

வருத்தமான செய்தியும் உண்டு. நான் பொறுப்பில் இருக்கும் ஊரில் புதிதாகப் போட்ட சாலையை மூன்றாம் வாரமே வேறொரு துறை குழாய்க்காகக் குறுக்கே வெட்டியது. வெட்டியதை மண்ணால் மூடிவிட்டுப் போய்விட்டார்கள், முதல் மழையில் அது அமுங்கியது. மூன்று கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. நாமே திரும்ப வெட்டி, அடுக்கடுக்காக இறுக்கி மூட வேண்டியதாயிற்று. சாலை போடும் பட்டியலை ஆறு மாதம் முன்பே எல்லாத் துறைகளுக்கும் அனுப்பி, தோண்ட வேண்டியவர்கள் முன்னாலேயே தோண்டிக்கொள்ளட்டும் என்று எழுத்தில் கேட்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இரண்டு ஊர்களில் அது பலித்திருக்கிறது.

பாதுகாப்பைப் பற்றி நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இதுதான். பேட்ச் போடும்போது நம் ஆட்கள் வண்டிகளுக்கு முதுகைக் காட்டித்தான் குனிந்திருக்கிறார்கள். இந்த ஆண்டு ஒரு பணியாளரின் கையிலிருந்த வாளியை இருசக்கர வண்டி தட்டிவிட்டுப் போனது. ஒரு சாண் தள்ளியிருந்தால் அவர் இன்று இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார். ஐந்து நிமிட வேலையானாலும் முன்னெச்சரிக்கைப் பலகை, கூம்புகள், ஒளிரும் சட்டை, கொடியோடு ஒரு ஆள். இதில் ஒன்று குறைந்தாலும் வேலையைத் தொடங்க வேண்டாம். சூடான தார் தோலில் பட்டால் உடனே குளிர்ந்த தண்ணீரில் நன்றாக ஆற வைக்க வேண்டும். ஒட்டிய தாரைப் பிய்க்கவே கூடாது, தோலும் சேர்ந்து வரும். அதை மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பதிவேட்டை முழுதாக முடித்தவர்கள் உறுப்பினர்களில் பாதிக்கும் குறைவு. மீதிப் பேர் ஆள் இல்லை என்கிறார்கள், அது உண்மைதான். அவர்களுக்கு உதவ, முடித்தவர்கள் ஊருக்கு இருவராகப் போய் இரண்டு நாள் கூட நடந்து கொடுப்பது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் உள்ள நோட்டில் எழுதலாம். ஓய்வு பெற்ற அந்த மேஸ்திரி முதல் ஆளாகத் தன் பெயரை எழுதியிருக்கிறார்.

இவ்வறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்