விடுதித் தொட்டியும் வடக்கு வளவும்

புதுடில்லி
ஓகஸ்ட் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கட கடிதம் போன கிழமை கிடைச்சது. மூன்று மாதமாய் நான் ஒரு வரி எழுதேல்லை. நீங்கள் அதுக்குக் கோபிக்காமல், "மாணவர் நலத்துக்குப் பீடாதிபதி எண்டால் செமஸ்டர் தொடங்கேக்க என்னதான் செய்யிறனி?" எண்டு மட்டும் கேட்டிருக்கிறியள். முப்பது வருசம் பள்ளிக்கூடம் நடத்தின உங்களுக்கு "வேலை கூட" எண்டு எழுதித் தப்ப ஏலாது. விவரமாய் எழுதுறன்.

போன இரண்டு செமஸ்டரும் கோப்புக்குள்ளயே போச்சு. இந்த முறை வகுப்புத் தொடங்க ஒரு கிழமைக்கு முதலே விடுதி, சாப்பாட்டுக்கூடம் எல்லாம் நடந்து பார்த்தன். கோப்பில "தொட்டி சுத்தம் செய்யப்பட்டது" எண்டு ஒரு வரி கிடக்கும். மூடியைத் திறந்தால்தான் அடியில நாலு விரல் சேறு தெரியும்.

விடுமுறை முழுக்கத் தண்ணி அசையாமல் நிண்டால் குளோரின் போய்ச் சுவரில வழுவழுப்புப் படியும். முதல் கிழமையே பிள்ளையளுக்கு வயித்தால போறதுக்கு அது ஒரு காரணம். தொட்டியை முழுக்க இறக்கி, சுவரையும் மூடியின்ர உள்பக்கத்தையும் தேய்க்க வேணும். திரும்ப நிரப்பி, 1000 லீற்றருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர். 33 வீதக் குளோரின் உள்ள புதுச் சரக்காய் இருக்க வேணும். திறந்து கிடந்த சாக்கில வீரியம் இராது. வாளியில கரைச்சு, அடியில படிய விட்டு, தெளிவை மட்டும் ஊத்துறது. பிறகு ஒவ்வொரு குழாயையும் குளோரின் மணம் வருமட்டும் திறந்து, பூட்டி, 24 மணித்தியாலம் விட வேணும். குழாயை மறக்கிறதுதான் வழக்கமாய் நடக்கிற பிழை. தொட்டி சுத்தமாய் இருக்கும், கடைசி மாடிக் குழாயுக்குள்ள பழைய தண்ணி நிக்கும். அடுத்த நாள் அவ்வளவு தண்ணியையும் வெளியில விட்டுப்போட்டுத்தான் குடிக்கிற தண்ணி நிரப்பலாம்.

எங்கட கிணறு இறைச்ச பிறகு வாற அதே மணம், அப்பா. மூன்றாம் மாடியில நிண்ட எனக்கு ஒரு கணம், நீங்கள் துலாவடியில நிக்கிறியள் எண்டு பட்டது.

இஞ்ச அறைக்கு அறை, தண்ணியால காத்தைக் குளிராக்கிற கூலர். அதின்ர தண்ணியை ஊத்தினால் மட்டும் போதாது. டெங்கு நுளம்பின்ர முட்டை சுவரில ஒட்டியிருக்கும், காய்ஞ்சாலும் சாகாது. கிழமைக்கு ஒருக்கா தேய்ச்சுக் கழுவ வேணும்.

சாப்பாட்டை அம்மா கேட்டிருந்தா. ராஜ்மா எண்ட சிவப்பு பீன்ஸ் விதையும் சோறும்தான் இஞ்சத்தைப் பெடியளுக்கு உயிர். பெரிய கிடாரத்தில அவிச்சால் ஓரம் கொதிக்கும், நடு கொதியாது. குறைச் சூட்டில வெந்த ராஜ்மா பச்சையைவிட மோசம். அதில இருக்கிற நஞ்சு போகாமல் கூடும், சாப்பிட்டு சில மணித்தியாலத்தில சத்தி வரும். இரவிரவாய் ஊறப்போட்டு, அந்தத் தண்ணியை ஊத்திப்போட்டு, புதுத் தண்ணியில குறைஞ்சது 10 நிமிசம் கொதிச்சுப் புரள வேணும். பிறகுதான் நெருப்பைக் குறைக்கலாம். சமையல்காரரோட விடியப்புறம் நிண்டு பார்த்தன். காரம்தான் இல்லை. அம்மா அனுப்பின கறித்தூளில ஒரு கரண்டி என்ர கோப்பையில தூவினால் இறங்கும். இன்னும் கால் போத்தல் இருக்கு.

1 மணிக்கு எல்லா வகுப்பும் ஒண்டாய் விட்டால் சாப்பாட்டு வரிசை வாசலைத் தாண்டும், பின்னுக்கு நிக்கிறவை 2 மணி வகுப்பை விடுவினம். அரைவாசிப் பேரை 12.30க்கு விடுவிச்சன், வரிசை குறைஞ்சிட்டுது. வரிசையில நானும் நிண்டபடியால்தான் இது தெரிஞ்சது.

பகிடிவதைக்கு, இஞ்ச ராகிங் எண்டுவினம், எங்கட இலங்கையின்ர 1998 ஆம் ஆண்டுச் சட்டம் மாதிரி இஞ்ச 2009 இல வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின்ர ஒழுங்குவிதி இருக்கு. பிள்ளையும் பெற்றாரும் தனித்தனியாய் உறுதிமொழி குடுக்க வேணும். முறையிட 1800-180-5522 எண்டு ஒரு இலக்கம், இரவு பகல் எடுக்கலாம். அதை அறிவித்தல் பலகையில ஒட்டுவினம். பயந்த பிள்ளை எல்லாருக்கும் முன்னால நிண்டு அதைப் பார்த்து எழுதுமே? குளியலறைக் கதவின்ர உள்பக்கத்தில ஒட்டுவிச்சன்.

நான் வீடு மாறினன். பழையது ஒரு ஆளுக்குப் பெரிசு. இது ஒரு அறை, கூட்டுறது சுகம். பக்கத்து வீட்டுக் கேணல் விடிய நாலு மணிக்கே எழும்பிச் செடியளோட கதைக்கிறார்.

முந்தநாள் புதுப் பிள்ளையளின்ர பதிவு. தமிழ்நாட்டுத் திருநெல்வேலித் தகப்பன் ஒருத்தர் மகளின்ர புது வாளிக்குள்ள தலகணியை அமத்தி வைச்சுக்கொண்டு வரிசையில நிண்டார். "ராத்திரி கரண்டு போகுமா சார்?" எண்டு தமிழில கேட்டார். மறுமொழி சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடிச்சது. தீபாவளிக்கு எப்பிடியும் வரப் பார்க்கிறன்.

வடக்கு வளவு விக்கிற விசயம். சின்ன மாமா அவசரப்படுத்தினாலும் வெளியாளுக்கு வாக்குக் குடுக்காதேங்கோ. எங்கட யாழ்ப்பாணச் சட்டமான தேசவழமைப்படி பங்காளியளுக்கு முதல் அறிவித்தல் குடுக்க வேணும், பெரியம்மாவின்ர பங்கும் அதுக்குள்ள கிடக்கு. என்ர பங்குக்கு, எனக்குப் பதிலாய்க் கையெழுத்து வைக்க அற்றோணித் தத்துவம் தம்பியின்ர பேரில எழுதுறன். சாணக்கியபுரியில எங்கட உயர்ஸ்தானிகராலயத்தில கையெழுத்து வைக்க வேணும். காணி உறுதியின்ர பிரதி, அதில எல்லை எழுதியிருக்கிற பக்கம், தம்பியின்ர அடையாள அட்டைப் பிரதி மூன்றையும் அனுப்பச் சொல்லுங்கோ.

கூரைக் காசை இரண்டு தடவையாய் அனுப்புறன், முதல் பங்கு 10 ஆம் திகதி. முகட்டு ஓடுகளை முதல் மாத்தச் சொல்லுங்கோ, ஐப்பசியில மழை பிடிச்சிடும்.

உங்கள் அன்பு மகன்